நோய் அவருடையது, நோட்டு என்னுடையது

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். அவரும் அவர் கணவரும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



செகரட்டரி சார் என்னைக் கூப்பிட்டபோது, "பத்து நிமிஷம் போதும் மேடம், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார். இருபத்தெட்டு வருஷம் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். ஒருத்தர் ஒருத்தராக வரிசையில் வந்தால் பேசத் தெரியும். இப்படி எல்லோரும் சேர்ந்து எதிரே உட்கார்ந்தால் கொஞ்சம் நடுக்கம்தான். இருந்தாலும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். "நீ போய்ப் பேசு. நான் மூணு மாசம் வாயை மூடிட்டு இருந்த மாதிரி இந்த காம்ப்ளக்ஸ்ல இன்னொருத்தர் இருக்கக் கூடாது" என்று சொல்லி என்னை அனுப்பியவர் அவர்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் கணவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. அதைக் கண்டுபிடித்ததிலிருந்து என்ன சிகிச்சை என்று முடிவு செய்யும் வரைக்கும் பக்கத்தில் இருந்தவள் நான். அந்த நாட்களில் நான் செய்த நல்லதையும் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தம் வந்தது, நின்றது

2023-ஆம் வருஷம் ஆடி மாசம். ஒரு நாள் காலையில் இவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. மறுநாள் சுத்தமாக இருந்ததாம். "சூடு பிடிச்சிருக்கும்" என்று நினைத்து இரண்டு இளநீர் குடித்துவிட்டு விட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் நானே பார்த்துவிட்டேன். பாத்ரூமில் சரியாகத் தண்ணீர் விடாமல் வந்திருக்கிறார். என்னங்க இது என்று கேட்டால், "நேத்து பீட்ரூட் பொரியல் சாப்பிட்டேன்ல" என்கிறார். வீட்டில் பீட்ரூட் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சமைப்பவளிடமே அந்தக் கதையைச் சொன்னார் பாருங்கள்.

பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. மருந்து கேட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். பத்து நாளில் திரும்ப வந்தது. வேறு ஒரு ஆன்டிபயாடிக். அதுவும் நின்றது. அப்போதுதான் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை என்று போட்டிருந்தது. கிருமியே இல்லையென்றால் கிருமிக்கு எதற்கு மருந்து? கவுண்டரில் கணக்கு டேலி ஆகாவிட்டால் நான் சீட்டைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். அன்றைக்கே சிறுநீரகவியல் டாக்டரிடம் நேராகப் போனோம். அவர் அல்ட்ரா சவுண்ட் எடுக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையின் இடது பக்கச் சுவரில் மூன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு வளர்ச்சி. அது வழியை அடைத்ததால் இடது சிறுநீரகத்திலும் கொஞ்சம் வீக்கம்.

இன்றைக்கு நான் பேசுவதில் வேறு எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். இந்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாமல் வரும் ரத்தம். அது வரும், தானாக நிற்கும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வராமலே இருக்கும். நின்றுவிட்டது என்பதற்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரே ஒரு தடவை வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். கல்லாக இருக்கலாம், இன்ஃபெக்‌ஷனாக இருக்கலாம், பிராஸ்டேட்டாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், பார்க்காமல் சொல்லக் கூடாது.

இது ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். நமக்கு ரத்தம் வந்தால் நாமே "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்றோ "கர்ப்பப்பை பிரச்சினை" என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். அதனால் பெண்களுக்குத் தாமதமாகத் தெரியவருவது உண்டு.

இன்னொன்று சிகரெட். இவர் இருபத்திரண்டு வருஷம் பிடித்தவர். 1999-இல் மகளுக்கு வீசிங் வந்தபோது ஒரே நாளில் விட்டார். "விட்டுத்தான் இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுதே" என்று டாக்டரிடமே வாதாடினார். அவர் பொறுமையாக விளக்கினார். புகையில் உள்ள ரசாயனம் ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது, வடிகட்டினது மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையில்தான் தேங்கி நிற்கிறது. அதனால் அந்தச் சுவர்தான் அடி வாங்குகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையிலைதான் காரணம். நிறுத்தினால் ஆபத்து குறைந்துகொண்டே வரும், ஆனால் பிடிக்கவே பிடிக்காதவர் அளவுக்கு இறங்க ரொம்ப வருஷம் ஆகும். சாயம், ரப்பர், தோல் தொழிலில் பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நான்கு நாள் நாடகம்

அடுத்தது டி.யு.ஆர்.பி.டி. என்று ஒரு ஆப்பரேஷன். வயிற்றைக் கீறுவதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே குழாய் விட்டு, வளர்ச்சியைச் சுரண்டி எடுத்து, பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். இரண்டு நாள் யூரின் குழாயோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ரிப்போர்ட்டை நான்தான் போய் வாங்கினேன். கார்சினோமா என்ற வார்த்தையைப் பார்த்ததும் லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் மகளுக்குப் போன். பிறகு டல்லாஸில் இருக்கும் மகனுக்கு. இரண்டு பேரிடமும் முதல் வாக்கியமே "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்பதுதான். பிறகு ஆஸ்பத்திரி காரிடாரில் டாக்டரை மடக்கி, "அவர்கிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க சார், தாங்க மாட்டார்" என்று கெஞ்சினேன்.

டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, நோய் அவருடையது. அவர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை வாங்க. அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது."

நான்கு நாள் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். வழக்கத்துக்கு மேல் சிரித்தேன். இவருக்குப் பிடிக்குமே என்று வத்தக்குழம்பு வைத்தேன். இவரும் நன்றாகவே சாப்பிட்டார், டி.வி. பார்த்தார், சாயங்காலமானால் மொட்டை மாடிக்கு வாக்கிங் போனார். வியாழக்கிழமை ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் கேட்கிறார்: "நாளைக்கு டாக்டர்கிட்ட எந்த ஸ்டேஜ்னு கேக்கணும். நீ கேக்கறியா, நான் கேக்கட்டுமா?"

ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரில் இருந்தது இவருடைய மொபைல் நம்பர். நான் லேப் வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே ரிப்போர்ட்டின் லிங்க் இவருக்கு வந்துவிட்டது. என்னைவிட முன்னால் படித்தவர் இவர். நான் தாங்க மாட்டேன் என்று இவர் நடித்திருக்கிறார், இவர் தாங்க மாட்டார் என்று நான் நடித்திருக்கிறேன். நான் சமையலறையில் அழுதேன், இவர் மொட்டை மாடியில். முப்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர், ரொம்பவும் சேர்ந்து இருக்க வேண்டிய அந்த நான்கு நாளைத் தனித்தனியாகக் கழித்தோம். இந்த நோய் எங்களிடமிருந்து எடுத்ததில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்த நான்கு நாள்தான். அதை நோய் எடுக்கவில்லை, நானே கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு விதி போட்டோம். இவர் இல்லாமல் இவரைப் பற்றி எந்தப் பேச்சும் கிடையாது. பிள்ளைகளோடு பேசினால் நான்கு பேரும் சேர்ந்த வீடியோ கால்தான்.

நான் தப்பாகப் படித்த ஒரு வரி

ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது. தசை மாதிரியில் காணப்படவில்லை என்ற அர்த்தத்தில். நான் அதை "தசைக்குப் பரவவில்லை" என்று படித்துவிட்டேன். சொந்தக்காரர்கள் ஆறு பேருக்குப் போன் போட்டு, "ஆரம்பம்தானாம், மேலோட்டமா இருக்காம்" என்று நல்ல செய்தியும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர்ப்பைச் சுவர் அடுக்கடுக்காக இருக்கிறது. உள்ளே மெல்லிய தோல், அதன் அடியில் ஒரு இணைப்பு அடுக்கு, அதற்கும் கீழே தசை. நோய் மேல் அடுக்குகளில் நிற்கிறதா, தசைக்குள் இறங்கிவிட்டதா என்பதை வைத்துத்தான் சிகிச்சையே மாறுகிறது. இவருக்கு எடுத்த மாதிரியில் தசையே வரவில்லை. அதாவது அங்கே நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை, அங்கே பார்க்கவே இல்லை என்று அர்த்தம். எனக்குப் புரிய வேண்டிய பாஷையில் நானே சொல்லிக்கொண்டேன்: நோட்டுக் கட்டில் பணம் குறையவில்லை என்பது வேறு, கட்டை இன்னும் எண்ணவே இல்லை என்பது வேறு.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் திரும்பவும் சுரண்டி எடுத்துப் பார்ப்பது வழக்கமாம். நான்காவது வாரம் செய்தார்கள். இந்தத் தடவை தசை கிடைத்தது. தசையில் நோயும் இருந்தது. இரண்டாம் ஸ்டேஜ். நெஞ்சு, வயிறு சி.டி. ஸ்கேனில் வேறு எங்கும் பரவவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்கு நோய் மேல் அடுக்குகளோடுதான் இருக்கிறது. அவர்களுக்குச் சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. சுரண்டி எடுத்த பிறகு, தேவைப்பட்டால் பி.சி.ஜி. மருந்தைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். முதலில் வாரம் ஒன்றாக ஆறு தடவை, பிறகு இடைவெளி விட்டு ஒன்று முதல் மூன்று வருஷம் வரை. நம் பிள்ளைகளுக்குக் காசநோய் வராமல் தோளில் போட்டோமே, அதே பி.சி.ஜி.தான். நம் கிண்டியில் 1948-இலிருந்து அதற்கென்று ஒரு தடுப்பூசி நிலையமே இருக்கிறது. அந்த மருந்து இந்தப் புற்றுநோய்க்கும் கேட்கிறது என்று 1976-இல் கனடாவில் ஒரு டாக்டர் எழுதினார். அதனால் யாருக்காவது இந்த நோய் என்று கேள்விப்பட்டால், எங்கள் கதையே அவர்கள் கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து கேள்விகளை எழுதுவோம். டாக்டர் ரூமுக்குள் இவர் கேட்பார், நான் எழுதுவேன். வெளியே வந்து காபி குடித்துக்கொண்டே ஒருமுறை வாசித்துச் சரிபார்ப்போம். அந்த ரூமில் டாக்டர் சொல்வதில் பாதிதான் காதில் விழும். மீதியை நோட்டுதான் வைத்திருக்கும்.

நாங்கள் எழுதிய கேள்விகளில் சில: மாதிரியில் தசை இருந்ததா? எந்த கிரேடு, எந்த ஸ்டேஜ்? எங்களுக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும்? முடிவு செய்ய எத்தனை நாள் அவகாசம்? இந்த ஆப்பரேஷனை நீங்கள் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? இதே நோய் உங்கள் அண்ணனுக்கு வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்வி இவருடையது. டாக்டர் சிரித்துவிட்டு, நன்றாக யோசித்துப் பதில் சொன்னார்.

இரண்டாவது கருத்து கேட்கலாமா என்று தயங்கினோம், டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று. அவரே "தாராளமா கேளுங்க" என்றார். இங்கே உங்களுக்கு ஒரு தகவல். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்சி ஸ்லைடும், மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கும் லேப்பில் இருக்கும். எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். இரண்டாவது ஆஸ்பத்திரியில் அதையே எடுத்துத் திரும்பப் பார்ப்பார்கள். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு இரண்டு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கு நோட்டின் கடைசிப் பத்துப் பக்கம். பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா, நம் கையிலிருந்து எத்தனை சதவீதம், அட்மிட் ஆவதற்கு முந்தின பில் எத்தனை நாள் வரைக்கும் செல்லும் என்பதை அட்மிட் ஆகிற அன்றைக்கு ராத்திரி தேடாதீர்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

பை

தசைக்குள் இறங்கிய நோய்க்கு எங்களிடம் சொன்ன வழிகள் இவை. ஒன்று, முதலில் கீமோ கொடுத்து, பிறகு சிறுநீர்ப்பையை முழுவதும் எடுப்பது. ஆண்களுக்கு பிராஸ்டேட்டும் சேர்ந்து போகும். எடுத்த பிறகு சிறுநீர் வெளியே வர வழி வேண்டுமே. சிறுகுடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்து, வயிற்றின் வலது பக்கம் ஒரு சின்னத் துவாரம் வைத்து, அதன் மேல் பை ஒட்டுவது ஒரு முறை. குடலில் இன்னும் நீளமாக எடுத்து உள்ளேயே புதுப் பை தைத்து, பழைய வழியிலேயே சிறுநீர் வர வைப்பது இன்னொரு முறை. ஆப்பரேஷனே இல்லாமல், நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ரேடியேஷனும் கீமோவும் சேர்த்துக் கொடுத்து சிறுநீர்ப்பையைக் காப்பாற்றுவது மூன்றாவது வழி. சரியான ஆட்களுக்கு அது நல்ல வழி. ஆனால் இவருக்கு ஒரு சிறுநீரகம் அடைபட்டு வீங்கியிருந்ததால் அதை அவ்வளவாகப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள்.

இவர் "பை" என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "மூத்திரப் பையைக் கட்டிட்டுத் திரியறதுக்கு இப்படியே போயிடறேன்" என்றார். பத்து நாள் பேச்சே இல்லை. மகன் தினமும் ரோபோ ஆப்பரேஷன் பற்றிக் கட்டுரை அனுப்பினான். மகள் வெட்டவே வேண்டாம் என்று அழுதாள். நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன், பிறகு இவரிடம் சண்டை போட்டேன். "எனக்காகவாவது ஒத்துக்கோங்க" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இவர் மெதுவாகச் சொன்னார்: "உடம்பு என்னுது. ஒத்துக்கிட்டா எனக்காகத்தான் ஒத்துக்கணும். இல்லேன்னா ஒவ்வொரு தடவை பையை மாத்தும்போதும் உன் மேல கோவம் வரும்."

அதற்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். ஆனால் நாள் கடத்தவும் முடியாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் நோய் காத்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் செய்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் இந்தப் பை விஷயத்துக்கென்றே ஸ்டோமா நர்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம், "பை வச்சிட்டு நல்லா இருக்கறவங்க யாரையாவது இவர் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வந்தார். வேட்டி, முழுக்கைச் சட்டை. பஸ்ஸில் வந்திருந்தார். எங்களோடு உட்கார்ந்து காபி குடித்தார். அரை மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டு, "சார், எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் ஆப்பரேஷன் முடிந்து ஆறு வருஷம் ஆனவர். கோயிலுக்குப் போகிறார், பேரனை ஸ்கூலில் விடுகிறார். "முதல் மூணு மாசம் கஷ்டம்தான். ரெண்டு தடவை ஒழுகி மானம் போச்சு. அப்புறம் பழகிடும்" என்று உள்ளதைச் சொன்னார். நான் அங்கே இருந்து நூறு தடவை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு கப் காபிக்கு ஈடாகாது.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது அவர், "அம்மா, பத்து நிமிஷம் வெளியே இருக்கீங்களா?" என்றார். தாம்பத்தியம் பற்றி இவருக்குக் கேட்க வேண்டியது இருந்திருக்கிறது. இந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு அதில் மாற்றம் வரும். அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. வயதானவர்களுக்கு எதற்கு அந்தப் பேச்சு என்று நாம் நினைக்கக் கூடாது. கூடவே இருப்பது மட்டும் ஆதரவு இல்லை. சில நேரம் எழுந்து வெளியே போவதும் ஆதரவுதான்.

உள்ளே தைக்கும் பை வேண்டுமா என்றும் கேட்டார்கள். ஆனால் நோய் சிறுநீர் வழிக்கு அருகே இருந்ததால், ஆப்பரேஷன் நடக்கும்போது அந்த ஓரத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். இவர் இரண்டு நாள் யோசித்தார். "மயக்கம் தெளிஞ்சு எது இருக்குன்னு தடவிப் பார்க்கற வேலை வேண்டாம். வெளிப் பைன்னு தெரிஞ்சுட்டே போறேன்" என்றார். முடிவு அவருடையது. நோட்டில் வலது பக்கம் தேதி போட்டு எழுதினேன். அதன் கீழே இவரே கையெழுத்துப் போட்டார்.

முதலில் முதுகு வழியாக ஒரு சின்னக் குழாய் வைத்து அடைபட்ட சிறுநீரகத்தை வடித்தார்கள். கிரியாட்டினின் இறங்கிய பிறகுதான் கீமோ. சிஸ்பிளாட்டின் மருந்தைச் சிறுநீரகம் தாங்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று. 2024 ஜூனில் ஆப்பரேஷன்.

அக்கம்பக்கம்

இனி உங்களைப் பற்றி. எங்களுக்கு நீங்கள் செய்ததை எங்கள் ரத்த சொந்தம்கூடச் செய்யவில்லை. கீமோ தேதிகளைக் கேட்டு வாங்கி, நான்கு சுற்றுக்கும் காரை வாசலில் நிறுத்தினார் ஏ பிளாக் தம்பி ஒருவர். கீமோ அன்றைக்கு வந்த லிஃப்ட் சர்வீஸைக் கமிட்டி ஒருநாள் தள்ளிப்போட்டது. எதிர் வீட்டு அம்மா, "நாளைக்கு ரசமும் பருப்புத் துவையலும் கைப்பிடியில மாட்டிட்டுப் போறேன், பெல் அடிக்க மாட்டேன்" என்று மெசேஜ் போடுவார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று நிறையப் பேர் சொன்னீர்கள். மனசார நன்றி. ஆனால் கேட்பதற்குத் தெம்பு இல்லாத நாட்கள் அவை. இன்ன நாள், இன்ன வேலை என்று நீங்களே சொல்லிவிட்டால், நாங்கள் "சரி" என்று மட்டும் சொன்னால் போதும்.

வருத்தப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். முள் சீத்தாப் பழம் கீமோவைவிட நல்லது என்று ஒரே செய்தி எட்டுப் பேரிடமிருந்து வந்தது. எங்கள் டாக்டர், கீமோ நடக்கும்போது தன்னைக் கேட்காமல் எந்தச் சாறும் கஷாயமும் கூடாது என்று சொல்லியிருந்தார். இன்னொருவர் லிஃப்டில் வைத்து, "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணே மாசம்" என்றார். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "சிகரெட் பிடிப்பாரோ?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கணக்கை இவர் ஏற்கனவே தனக்குள் போட்டுக்கொண்டிருப்பார். நாம் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

கீமோவில் இருப்பவர் வீட்டுக்கு இருமலோடு போகாதீர்கள். அவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். எங்களுக்கு இரண்டாவது சுற்றில் அப்படி ஆனது. செக்யூரிட்டி அண்ணன்தான் ஆம்புலன்ஸை வழிகாட்டி உள்ளே கொண்டுவந்தார்.

பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் ஐந்து மாசம் என் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. ஒருநாள் தலை சுற்றி அடுப்படியில் சாய்ந்தேன். இவர்தான் என்னைப் பிடித்தார், முதுகில் குழாயோடு. அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் என் மாத்திரை நேரமும் உண்டு. பையை மாற்றும் வேலையையும் நானே செய்கிறேன் என்று நின்றேன். ஸ்டோமா நர்ஸ் என் கையைத் தள்ளிவிட்டு, "சாருக்குச் சொல்லித் தரேன், நீங்க பார்த்துக்கோங்க, போதும்" என்றார். இப்போது வாரம் இரண்டு நாள் காலையில், காபி குடிப்பதற்கு முன்னால், சிறுநீர் குறைவாக இருக்கும் நேரத்தில், இவரே பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுகிறார். நான் பேப்பர் படிக்கிறேன்.

ஆப்பரேஷன் முடிந்து பத்து மாசம் ஆகிறது. எடுத்த இடத்தில், நிணநீர்க் கட்டிகளில் பரவல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சி.டி. ஸ்கேன் இன்னும் பத்தொன்பது நாளில். அது வரைக்கும் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் முழித்திருக்கிறோம்.

கமிட்டிக்கு இரண்டு கோரிக்கைகள். சம்ப் கழுவும் நாளில் தண்ணீர் நிற்கும் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, இந்த கிளப் ஹவுஸ் ஆண்கள் கழிவறையில் மூடி போட்ட ஒரு குப்பைத்தொட்டியும், சுவரில் ஒரு கொக்கியும் வேண்டும். பெண்கள் பக்கம் இருக்கிறது, ஆண்கள் பக்கம் இல்லை. பை வைத்திருப்பவருக்கும், பிராஸ்டேட் ஆப்பரேஷனுக்குப் பிறகு பேட் வைத்திருப்பவருக்கும் அது இல்லாமல் வெளியே வரவே தயக்கமாக இருக்கும். நம் காம்ப்ளக்ஸில் அப்படி எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நான் கேட்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யூரின்ல எப்பவாவது ரத்தம் வந்துச்சா?" பீட்ரூட் என்று பதில் வந்தால், பீட்ரூட் எப்போது வாங்கினோம் என்று யோசித்துப் பாருங்கள்.



(ஆண்கள் கழிவறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் கொக்கியும் அடுத்த நாளே பொருத்தப்பட்டன. சம்ப் கழுவும் தேதி இனி ஒரு நாள் முன்னதாக எல்லா பிளாக் குழுக்களிலும் அறிவிக்கப்படும். – ஆசிரியர் குழு)